ஆறு அங்குலச் சதுரம்

குளிர் என்பது எங்கள் தாயார் பிறந்த ஊரில் காதால் கேட்ட செய்தி. பெங்களூருக்கு வந்த பிறகே அது உடம்பால் உணர்ந்த உண்மையாயிற்று. நெல்லைச் சீமையின் தென்கோடியில், இடையன்குடிக்கு அருகில், செம்மணல் தேரியும் பனைகளும் சூழ்ந்த சிற்றூர் அவருடையது. 1976-ஆம் ஆண்டு மணமாகி, பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றிய எங்கள் தந்தையாருடன் அவர் அல்சூரில் குடிபுகுந்தார். அன்று அவர் கொண்டுவந்த தகரப் பெட்டியில் கம்பளி என்று சொல்லத்தக்க பொருள் ஒன்றும் இல்லை. இருந்தவை சில புடவைகள், வெண்ணிற நூற்கண்டுகள், ஒரு குரோஷா ஊசி, அவ்வளவே. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்நகரின் மார்கழி விடியற்காலை, அப்பெட்டியின் வறுமையை முதல் ஆண்டிலேயே அவருக்கு உணர்த்திவிட்டது.

நாங்கள் உடன்பிறந்தோர் இருவர். மூத்தவள் மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். இளையவள் இல்லத்திலிருந்தே தையல் தொழில் செய்பவள். இக்கட்டுரையை எழுதும் கை மூத்தவளுடையதேனும், நடந்தவை இருவருக்கும் உரியவை. ஆதலின் ‘நாங்கள்’ என்றே எழுதிச் செல்கின்றோம்.

தாயார் ஊசி பிடிக்கக் கற்றது பள்ளியில். தென்தமிழகத்தில் இக்கலைக்கு ஒரு வரலாறு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மார்த்தா மால்ட் என்னும் ஆங்கிலப் பெண்மணி, நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அவருடைய மகள் எலைசா 1844-இல் இராபர்ட்டு கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்து, அவ்வூர்ப் பெண்களுக்கும் அத்தொழிலைக் கற்றுக்கொடுத்தார். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லைத் தமிழ்ச் சங்கங்களில் அறியாதார் இலர். அதே இல்லத்திலிருந்து ஊரார் கைகளுக்கு ஒரு தொழிலும் சென்றது என்பதை அறிந்தார் சிலரே.

அந்த லேஸ் திண்டின்மேல் பின்னப்படுவது. துளையிட்ட வரைபடத்தைத் திண்டின்மீது பொருத்தி, துளைதோறும் குண்டூசி குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை அவ்வூசிகளினூடே மாற்றி மாற்றிப் பின்னுவர். குரோஷாவோ ஒற்றைக் கொக்கி ஊசியால் கண்ணுக்குள் கண் வாங்கிச் செல்வது. முறைகள் வேறாயினும், குண்டூசியின் ஒழுங்குக்கு அடங்கியே இரண்டும் அழகு பெறுகின்றன. எங்கள் சிறுவயதில் தாயார் மேசை விரிப்பு ஒன்றைப் பின்னி முடித்ததும், அது சுருண்டும் கோணியும் வதங்கிய இலைபோலக் கிடக்கும். அதனை அலசி, நீர்த்த சோற்றுக் கஞ்சியில் தோய்த்துப் பிழிவார். தலையணைமேல் பழைய வேட்டியை மடித்து விரித்து, விரிப்பை அதன்மேல் வைத்து, ஓரங்களைச் சிறிது சிறிதாக இழுத்துப் பித்தளைக் குண்டூசிகளால் குத்துவார். இரும்பு ஊசி ஆகாது; துருக்கறை வெள்ளை நூலை விட்டு நீங்காது. மறுநாள் ஊசிகளைப் பிடுங்கியதும், முன்தினம் கண்ட வதங்கிய இலை எட்டிதழ் மலராய் விரிந்திருக்கும்.

ஊசி குத்த நாங்களும் உதவுவோம். பிள்ளைக் கைகள் அல்லவா, வலிந்து இழுத்துவிடுவோம். அப்போது அவர் சொல்லுவார்: “இழுக்காதே பிள்ளை, நீட்டினால் அகலம் வரும், சுற்று வராது.” அன்று அச்சொல்லின் பொருள் எங்களுக்கு விளங்கவில்லை.

பெங்களூர்க் குளிர் அவருடைய நூலை மாற்றியது. வெள்ளைப் பருத்தியின் இடத்தைக் கம்பளி நூல் பிடித்தது. மேசை விரிப்பு குல்லாயாகவும் சால்வையாகவும் மாறிற்று. அந்த வரிசையில் கடைசியாக அவர் தொடங்கியது ஒரு போர்வை. ஆண்டு 2021. இளையவளின் மகள் மேற்படிப்புக்காகத் தில்லி செல்லவேண்டும் என்ற பேச்சு அப்பொழுதே வீட்டில் எழுந்திருந்தது. “பெங்களூரைவிடக் குளிருமாமே” என்று கேட்டுக்கொண்டார். அடுத்த வாரமே அவென்யூ சாலையை அடுத்த ராஜா மார்க்கெட்டிலிருந்து நூல் வந்து இறங்கிற்று.

உலகெங்கும் பாட்டிச் சதுரம் என்னும் பொருள்படவே வழங்கும் பின்னல் அது. நடுவில் ஒரு வளையம். அதனைச் சூழ மும்மூன்றாகக் கால்கள். நான்கு மூலைகளில் மட்டும் இரட்டிப்பு. சுற்றுக்கு ஒரு நிறமாக, தாயார் மஞ்சளில் தொடங்கிக் கரும்பச்சையில் முடிப்பார். ஆறு சுற்றுகளில் ஆறு அங்குலச் சதுரம் ஒன்று முற்றுப்பெறும். அகலத்தில் 8, நீளத்தில் 11 என 88 சதுரங்களை இணைத்தால் நான்கடி அகலமும் ஐந்தரை அடி நீளமும் கொண்ட போர்வை ஆகும். முடித்த சதுரங்களைப் பிஸ்கட்டுத் தகர டப்பா ஒன்றில், முதலில் பின்னியது அடியிலும் பின்னர்ப் பின்னியது மேலுமாக அடுக்கி, பத்துக்கு ஒரு முடிச்சு நூலால் கட்டிவைப்பது அவர் வழக்கம்.

2023-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தாயாரிடம் மறதி மிகுந்தது. குழம்பில் உப்பு இருமுறை விழுந்தது. தந்தையார் மறைந்து ஆண்டுகள் பல ஆகியும், அவர் வேலைக்குப் போய்விட்டாரா என்று ஒரு காலையில் கேட்டார். மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மறதி நோய் தொடங்கிவிட்டது என்றும், இது மெல்ல வளரும் என்றும் அவர் கூறினார். ஊசியும் நூலும் அதற்கு முன்னரே மூலைக்குப் போயிருந்தன. பேத்தி புறப்பட இரண்டு திங்கள் இருந்த நிலையில் டப்பாவைத் திறந்து எண்ணினோம். சதுரங்கள் 57 இருந்தன. எஞ்சிய 31-ஐ நாங்கள் பின்னி முடிப்பது என்று துணிந்தோம்.

பின்னத் தொடங்கியதும் ஒரு தொல்லை தலைகாட்டியது. கையின் இறுக்கம் ஆளுக்கு ஆள் வேறுபடும். எழுத்தர் வேலை பார்ப்பவளின் கை இறுகியது. அவள் சதுரம் ஐந்தே முக்கால் அங்குலத்தில் நின்றது. தையல்காரியின் கை தளர்ந்தது. அவளுடையது ஆறே கால் அங்குலம் போயிற்று. அரை அங்குலம் அற்பம் என்று தோன்றலாம். எட்டுச் சதுரங்கள் ஒரு வரிசையில் நிற்கும்போது அது நான்கு அங்குலம் ஆகிவிடுகிறது. போர்வையின் ஓரம் ஆற்றங்கரை போல வளைந்து போகும்.

பல கைகள் கூடிப் பின்னும் இடமெங்கும் இத்தொல்லை உண்டு. சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்னும் மகளிர் குழு, 2016-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. வெவ்வேறு ஊர்களில் இருந்து பெண்கள் பின்னிய துண்டுகள் அதில் ஒன்றிணைந்தன. அத்தனை கைகளும் ஒரே விரிப்பாக வேண்டுமெனில், எல்லாரும் ஒப்புக்கொண்ட ஓர் அளவு வேண்டும். எங்கள் வீட்டில் மூன்றே கைகள். எங்களுக்கும் அவ்வாறு ஓர் அளவு தேவைப்பட்டது.

அதற்கென உள்ளதே பிளாக்கிங் பலகை. தாயாரின் தலையணையும் குண்டூசியும் செய்த வேலையை, ஒரே அளவுச் சதுரங்கள் பலவற்றுக்கு ஒருசேரச் செய்வது அது. ஒட்டுப்பலகையில் அரை அங்குல இடைவெளியில் வரிசையாகத் துளைகள் இட்டிருக்கும். வேண்டிய அளவுக்கு நான்கு துளைகளைத் தேர்ந்து, துருப்பிடிக்காத மெல்லிய கம்பிகளை நட்டு, ஈரச் சதுரத்தின் நான்கு மூலைகளையும் அவற்றில் மாட்டவேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக ஆறேழு சதுரங்களை மாட்டலாம். இடையே காற்றுப் புகுமாறு சற்றுத் தளர்த்தி வைத்தல் நலம்.

பலகை செய்து தந்தவர் சிவாஜி நகரில் இருந்த தச்சர் ஒருவர். மூத்தவள் அலுவலக அளவுகோலால் கோடிட்டுக் கொண்டுபோன வரைபடத்தைப் பார்த்துவிட்டு, கன்னடத்தில் “ஹலகெயா?” என்று கேட்டார். பலகைதான் என்றோம். தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாவதைச் சங்க அன்பர்கள் அறிவர். பால் ஹாலு ஆகும், புலி ஹுலி ஆகும், பலகை ஹலகெ ஆகும். இடையன்குடிப் பெண்ணின் போர்வைக்கான பலகை, இடையன்குடி அறிஞரின் ஒப்பிலக்கணத்திற்கு ஒரு சான்றும் தந்தது என்று எண்ணி மகிழ்ந்தோம். துளைகள் சாயாமல் நேராக இறங்கவேண்டும், ஈரம் ஏறிப் பலகை வளையாதபடி வார்னிஷ் பூசவேண்டும் என்ற இரண்டையும் நாங்கள் சொல்லாமலே அவர் செய்தார். சதுரம் கோணாமல் இருக்கிறதா என்பதை மூலைவிட்டத்தை அளந்து காணலாம் என்றும் கற்பித்தார். ஆறு அங்குலச் சதுரத்திற்கு அது ஏறத்தாழ எட்டரை அங்குலம் இருக்கவேண்டும். இரண்டு மூலைவிட்டங்களும் ஒத்திருக்கவேண்டும்.

நூலின் இயல்பையும் அறிந்துகொள்ள நேர்ந்தது. கடைகளில் உல்லன் என்று விற்கப்படுவதெல்லாம் ஆட்டுமயிர் ஆகாது. பெரும்பாலும் அக்ரிலிக் என்னும் செயற்கை இழையே. ஒரு துண்டை எரித்துப் பார்த்தால் விளங்கிவிடும். கம்பளி தலைமயிர் கருகும் மணம் வீசிச் சாம்பலாக உதிரும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாகும். கம்பளி நனையும்போது அதன் உள்ளிருக்கும் மெல்லிய பிணைப்புகள் சில தளர்கின்றன. நாம் நிறுத்திய வடிவில் உலரும்போது அவை மீண்டும் பிணைந்துகொள்கின்றன. அக்ரிலிக்குக்கு இந்தக் குணம் போதாது. அதற்கு நீராவி காட்டவேண்டும். சூடு மிகுந்தாலோ, இழை உயிரிழந்து துவண்டுவிடும், பிறகு மீளாது. தாயார் வாங்கியது மெய்யான கம்பளியே என்பது எரிந்த மணத்தில் தெரிந்தது.

ஜூன் மாதத் தூறலில் வேலை தொடங்கிற்று. வெதுவெதுப்பான நீரில் நனைத்து, முறுக்காமல் துண்டில் ஒற்றிப் பிழிந்து, டப்பாவின் அடியிலிருந்து வரிசையாகச் சதுரங்களைப் பலகையில் ஏற்றினோம். ஈரக்காற்றில் ஓர் அடுக்கு உலர இரண்டு நாள் ஆயிற்று. முதல் பத்து, இரண்டாம் பத்து, நான்காம் பத்து வரை ஒரு குறையும் இல்லை. சற்றே கோணியவையும் மெல்ல இழுத்ததும் கம்பிகளை எட்டிக்கொண்டன.

41-ஆவது சதுரம் எட்டவில்லை.

ஒவ்வொரு மூலையும் கம்பிக்கு அரை அங்குலம் உள்ளேயே நின்றது. சுற்றுகளை எண்ணினோம், ஐந்தே இருந்தன. அடுத்தது சரியாக இருந்தது, அதற்கடுத்தது ஐந்து. 17 சதுரங்கள் கொண்ட அந்த மேல் அடுக்கில், ஒரு சுற்றுக் குறைந்தவை 12. மஞ்சளும் பிறவும் முறையாக இருக்க, இடையில் ஒரு நிறம் விடுபட்டு, பச்சை முன்னரே வந்து முடித்திருந்தது. டப்பாவின் ஓரத்தில், இரண்டாம் முறை நூல் வாங்கிய பற்றுச்சீட்டு மடித்துக் கிடந்தது. அதில் இருந்த நாள் 2021-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு முந்திய வாரம். மேல் அடுக்கு முழுவதும் அந்த நூலால் ஆனது.

மருத்துவரிடம் சென்றது 2023-இல். ஓராண்டுக்கும் மேலாகவே அவருக்கு எண்ணிக்கை நழுவிக்கொண்டிருந்தது. ஒரே கூடத்தில் தொலைக்காட்சியின் முன் அவர் பின்னிக்கொண்டிருக்க, நாங்கள் எதிரே அமர்ந்து தேநீர் அருந்தியிருக்கின்றோம். கோப்புகளில் ஓர் இலக்கம் பிழைத்தால் பத்து வரிக்கு அப்பாலிருந்து கண்டுகொள்ளும் மூத்தவளின் கண்ணும், அளவெடுக்காமலே ரவிக்கையின் கால் அங்குலப் பிழையைச் சொல்லும் இளையவளின் கண்ணும், தாயாரின் மடியில் நடந்ததைக் காணவில்லை. மரப்பலகை கண்டு சொன்னது.

அன்று இரவு எங்களுக்குள் பூசல் மூண்டது. குறைந்த 12-ஐயும் நன்றாக நனைத்து இழுத்து ஆறு அங்குலத்தில் மாட்டிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை என்றாள் மூத்தவள். சொன்னதோடு நில்லாமல் ஒன்றை இழுத்து மாட்டியும் விட்டாள். மறுநாள் கழற்றியபோது அளவு சரியாகவே இருந்தது. ஆனால் கண்கள் மீன்வலைபோல் அகன்று, பின்னல் உடல் மெலிந்து காணப்பட்டது. இளையவள் ஒன்றும் பேசாமல் அதனை நீரில் அலசித் துண்டின்மேல் சும்மா கிடத்தினாள். உலர்ந்ததும் அது பழைய ஐந்து அங்குலத்திற்கே திரும்பியது.

“அக்கா, தில்லியில் முதல் தடவை துவைக்கிறபோது பன்னிரண்டு இடத்தில் சுருங்கும்” என்றாள்.

“பின்னே, பிரித்துவிடுவோமா?”

“அம்மா போட்டதையா?”

அந்தக் கேள்விக்குப் பிறகு இருவரும் பேசவில்லை. அப்போதுதான் தலையணையும் குண்டூசியும் நினைவுக்கு வந்தன. நீட்டினால் அகலம் வரும், சுற்று வராது. இறுக்கத்தினால் வந்த குறையை ஈரமும் பொறுமையும் தீர்க்கும். ஒரு சுற்றே இல்லாத குறையை இழுத்துத் தீர்க்க முடியாது. அந்தச் சுற்றைப் பின்னித்தான் ஆகவேண்டும். விடுபட்ட நிறத்தை உள்ளே நுழைக்க வழியில்லை. வெளியே, பச்சைக்கு மேல் இன்னொரு பச்சைச் சுற்றாக அதனைச் சேர்க்கலாம்.

அந்தச் சுற்றைத் தாயாரே பின்னட்டும் என்ற எண்ணம் இளையவளுக்குத்தான் தோன்றியது. ஊசியை அவர் கையில் கொடுத்து எத்தனை சுற்று என்று சொன்னால், சொன்னது மறந்துபோகும். ஆகவே சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் விழும் சன்னலருகே அவரை அமர்த்தி, பலகையை மடியில் வைத்து, குறைந்த சதுரம் ஒன்றை அதன் நடுவில் வைத்தோம். அவர் அதைக் கம்பிகளில் மாட்டப் பார்த்தார். ஒரு மூலை எட்டியது, எதிர்மூலை எட்டவில்லை. வலிந்து இழுக்கவில்லை. இடைவெளியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இன்னும் ஒரு சுற்று வேணும்” என்றார். ஊசியைத் தேடிக் கையை நீட்டினார்.

எண்ணிக்கை போயிருந்ததே ஒழிய, கை போகவில்லை. மும்மூன்று கால்கள், மூலையில் இரட்டிப்பு; விரல்கள் தாமே அறிந்து சென்றன. சுற்று முடிந்ததும் மீண்டும் கம்பியில் மாட்டினார், எட்டியது. எட்டியதும் நிறுத்தினார். எத்தனை சுற்று என்று அவர் நினைவில் வைத்திருக்க வேண்டிய வேலையை அந்த நான்கு கம்பிகள் ஏற்றுக்கொண்டன. ஒரு நாள் ஒன்று, மறுநாள் ஒன்று எனச் சென்றது. சில நாட்களில் ஊசியைக் கையில் வைத்தபடி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்துவிடுவார். அன்று வற்புறுத்த மாட்டோம். இது நோய்க்கு மருந்தாயிற்று என்று சொல்ல நாங்கள் வரவில்லை. நோய் தன் வழியில் நடந்துகொண்டுதான் இருந்தது. அந்த 12-இல் 9-ஐ அவர் முடித்தார். பத்தாவதைக் கையில் கொடுத்தபோது, “இதை என்ன செய்யணும்?” என்று கேட்டார். எஞ்சிய மூன்றையும் நாங்கள் முடித்தோம்.

புதிய பச்சை, பழைய பச்சையைவிட ஓர் இழை வெளுப்பு; சாயத் தொட்டி வேறு. மூத்தவளுக்கு அது முதலில் உறுத்தியது. பிற சதுரங்கள் எல்லாவற்றின்மேலும் அதே பச்சையை ஓட்டிவிட்டால் வேறுபாடு மறையும் என்று கணக்கும் போட்டாள். பிறகு தானே அந்தக் கணக்குத் தாளைக் கிழித்துப் போட்டாள். அளவு ஒத்திருக்கட்டும், போதும். நிறத்தில் நடந்தது நடந்தபடியே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

எங்களைப் போலப் பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் குடும்பங்களில் முதியோர் மெல்ல மெல்லக் குறைகிறார்கள். பிள்ளைகளின் தமிழிலும் சில சுற்றுகள் குறைகின்றன. குறைந்தது தெரிந்ததும், இழுத்துப் பிடித்துச் சரிசெய்யவே கை முதலில் போகிறது; கடிந்து பேசுகின்றோம், “நினைவில்லையா?” என்று திரும்பத் திரும்பக் கேட்கின்றோம். அந்நேரத்திற்கு நீண்டு நிற்பது, அடுத்த நனைப்பில் சுருங்கிவிடுகிறது. அருகில் அமர்ந்து ஒரு சுற்றுப் பின்னுவதற்கு நேரம் ஆகும்; ஆனால் அது நிற்கும். மாதம் ஒரு முறையாவது பெற்றோரின் கைவேலையைக் கையில் எடுத்துப் பாருங்கள் என்று மட்டும் அன்பர்களிடம் வேண்டிக்கொள்கின்றோம். அது கோலமாகவோ, வரவு செலவுக் குறிப்பாகவோ, பூத்தொடுப்பாகவோ இருக்கலாம். வாய் மறைப்பதைக் கை முன்னரே சொல்லிவிடுகிறது.

88 சதுரங்களும் இணைந்து, போர்வையைக் கூடத்தில் விரித்த மாலை, தாயார் நெடுநேரம் அதனைத் தடவிக்கொண்டிருந்தார். ஓரம் கயிறு பிடித்தாற்போல் நேராக இருந்தது.

“நல்லா இருக்கு. இது யார் பின்னினது?” என்று கேட்டார்.

மூத்தவளுக்குப் பேச்சு எழவில்லை. இளையவள்தான் சொன்னாள்: “நாம பின்னினதும்மா.”

“நாமளா?” என்று கேட்டுச் சிரித்தார். பிறகு ஒரு மூலையை இழுத்துத் தம் காலின்மேல் போட்டுக்கொண்டார். பெங்களூரில் அன்றும் தூறிக்கொண்டிருந்தது.